கேள்வி கேட்காத எக்ஸ்பி: விடைக்கோப்பா, இமேஜா, நகலா?

மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு சிறிய கணினி வகுப்பு. பதினான்கு மேசைக் கணினிகள். ஒன்பது ஒரே அச்சில் வார்த்தவை. வெளிநாட்டு அலுவலகம் ஒன்று கழித்துவிட்டதை ஊர்க்காரர் ஒருவர் கப்பலில் ஏற்றி அனுப்பியது. மற்ற ஐந்தும் ஐந்து விதம். நினைவகம் 512 எம்பி, மிஞ்சிப்போனால் 1 ஜிபி. வகுப்பை நடத்தும் சேர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது ஒரே வசனம்: "தம்பி, எல்லாத்துக்கும் புதுசா எக்ஸ்பி அடிச்சுத் தாங்க, திங்கட்கிழமை வகுப்பு." அன்று வெள்ளிக்கிழமை.

2014 ஏப்ரல் 8 ஆம் திகதியோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்ட விண்டோஸ் எக்ஸ்பியை இன்னும் ஏன் அடிக்கிறாய், அதாவது கணினியில் ஏற்றுகிறாய் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பது நியாயம்தான். இணையத்தில் இணைக்கப்போகும் கணினிக்கு நானும் எக்ஸ்பி போடமாட்டேன். ஆனால் இந்த வகுப்பில் இணையம் இல்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு, வேர்ட், எக்செல் என்று பாடம் முடிகிறது. இந்தப் பெட்டிகளில் அதற்கு மேலே எதைப் போட்டாலும் பிள்ளைகள் மவுஸை அசைத்துவிட்டு அம்பு வரும் வரை காத்திருக்க வேண்டும். லினக்ஸ் போடலாமே என்று சேரிடம் சொல்லிப் பார்த்தேன். "பிள்ளைகள் வேலைக்குப் போற இடத்தில வேர்ட்தானே கேப்பான்" என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இனி வேலைக்கு வருவோம். எக்ஸ்பி அடிக்க நேரம் எடுப்பது கணினி அல்ல, நாம்தான். நீல எழுத்துத் திரையில் டிஸ்கைப் பிரித்து, கோப்புகளை நகலெடுத்து, ஒருமுறை எழும்பி, படத்திரை வந்ததும் "இன்னும் 39 நிமிடம்" என்று போடும். சரி, கடைக்குப் போய் ஒரு பிளேன் டீ குடித்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால், திரும்பி வரும்போது முப்பத்துச் சொச்சத்தில் நின்றுகொண்டு உன் நாடு எது, மொழி எது என்று கேட்டபடி இருக்கும். பதில் சொன்னால் பெயர் கேட்கும். பிறகு உரிம இலக்கம், பிறகு கணினியின் பெயர், கடவுச்சொல், நேரம், வலையமைப்பு. ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் இடைவெளி. பதினான்கு கணினிக்கும் இப்படி ஓடி ஓடிப் பதில் சொன்னால் ஒரு சனிக்கிழமை போதாது.

இதைத் தானாக நடக்க வைக்க வழிகள் பல. எனக்கு உண்மையில் கைகொடுத்தவை மூன்று: கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைக்கும் விடைக்கோப்பு, ஒரு கணினியில் முடித்ததை அப்படியே மற்றவற்றில் இறக்கும் இமேஜ், ஒரே ஒரு கணினிக்கு எடுத்து வைக்கும் டிஸ்க் நகல். எது நல்லது என்று தீர்மானிக்க எல்லோரும் முதலில் "எத்தனை கணினி?" என்று கேட்பார்கள். என் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. அந்தக் கணினிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்தவை என்பதே முதல் கேள்வி.

விடைக்கோப்பு

எக்ஸ்பி சிடியில் ஐ386 என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் வின்என்டி.எஸ்ஐஎஃப் என்ற பெயரில் ஓர் எழுத்துக்கோப்பை வைத்து சிடியைத் திரும்ப எரித்தால், இன்ஸ்டால் ஆகும்போது அதைத் தேடிப் படித்து, கேள்விகளுக்குத் தானே பதில் போட்டுக்கொள்ளும். சிடியைத் தொட விருப்பமில்லை என்றால் அதே கோப்பை ஃபிளாப்பியில் போட்டுச் செருகினாலும் போதும். நோட்பேடில் எழுதக்கூடிய நாற்பது ஐம்பது வரிகள்தான். எழுதப் பஞ்சியானவர்களுக்கு அதே சிடியில் சப்போர்ட் ஃபோல்டருக்குள் டூல்ஸ், அதற்குள் டிப்ளாய் என்ற கேப் கோப்பு, சுருக்கிக் கட்டிய பொதி. அதைப் பிரித்தால் செட்டப் மேனேஜர் வரும். கேள்வி கேட்டுக் கேட்டு அதுவே கோப்பை எழுதித் தரும். நான் என்லைட் என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கிறேன். விடைக்கோப்போடு சேர்த்து மைக்ரோசாஃப்டின் திருத்தத் தொகுதியான சர்விஸ் பேக் 3 ஐயும், வன்பொருளை இயக்கும் டிரைவர்களையும் அதே சிடிக்குள் கலந்து, எரிக்கத் தயாரான ஒற்றைக் கோப்பாகக் கொடுத்துவிடும்.

இதில் நம் ஊருக்கென்று சில திருத்தங்கள் உண்டு. அவற்றை எந்த வழிகாட்டியிலும் நான் பார்க்கவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலாவது நேரம். விடைக்கோப்பில் நேர வலயத்தை இலக்கமாகக் கொடுக்க வேண்டும். இலங்கைக்கு 200. பட்டியலில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று இருப்பது இதுதான். பொருத்தமாகத்தானே இருக்கிறது என்று 200 ஐப் போட்டால், சர்விஸ் பேக் 2 சிடியில் கணினி கிரீன்விச் நேரத்தோடு ஆறு மணி நேர வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காரணம், அந்தச் சிடி வெளிவந்த 2004 இல் நம் நாட்டு நேரம் அதுதான். 1996 இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று கடிகாரத்தை முன்தள்ளினார்கள். 2006 ஏப்ரலில்தான் திரும்ப ஐந்தரைக்கு வந்தோம். பழைய சிடிக்கு இதெல்லாம் தெரியாது. ஆகவே நான் 190 என்று, சென்னை, கொல்கத்தா என்று வரும் இந்திய நேரத்தைப் போட்டுவிடுவேன். தேசப்பற்றுக்குக் குறைவாகத் தெரியலாம்; பிள்ளைகளின் கோப்புகளில் நேரம் சரியாக விழுகிறது.

அடுத்தது தமிழ். எக்ஸ்பியில் லதா எழுத்துரு இருக்கிறது. ஆனால் இந்திய மொழிகளுக்கான கோப்புகள் தானாக ஏறுவதில்லை. கையால் அடிக்கும்போது ஒரு சின்னப் பெட்டியில் டிக் போட வேண்டும், பெரும்பாலானோர் போடுவதில்லை. அதனால்தான் பழைய கணினிகளில் யூனிகோட் தமிழ் கட்டம் கட்டமாகவோ, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகவோ தெரிகிறது. விடைக்கோப்பின் பிரதேச அமைப்புப் பகுதியில் மொழித்தொகுதி 15 என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. தமிழ் விசைப்பலகையை மட்டும் நான் சேர்ப்பதில்லை. எக்ஸ்பியோடு வருவது இந்தியாவின் இன்ஸ்கிரிப்ட். இங்கே பாமினியிலும் ரெங்கநாதன் விசைப்பலகையிலும் பழகிய கைகளுக்கு அது உதவாது. சிங்களம் வேண்டுமென்றால் எக்ஸ்பியில் அடிப்படையிலேயே கிடையாது, தனிப்பொதி போட வேண்டும்.

பிறகு உரிம இலக்கம். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்கள் பதினான்கும் பதினான்கு இலக்கம். அதோடு, கணினியோடு வந்த ஸ்டிக்கரின் இலக்கத்தைக் கடையில் விற்ற சிடி ஏற்காது. சிடியும் அதே இனமாக இருக்க வேண்டும். ஒரு கோப்பில் ஒரு இலக்கத்தை எழுதி எல்லாவற்றுக்கும் அடிப்பது சரியும் இல்லை, செயல்படுத்தும்போது உதையும். இதற்கு ஒரு நடுவழி இருக்கிறது. விடைக்கோப்பின் முறையை முழுத்தானியங்கி என்று வைத்தால், ஒரு பதில் இல்லாவிட்டாலும் பிழை காட்டி நின்றுவிடும். டிஃபால்ட்ஹைட் என்று வைத்தால் பதில் உள்ள திரைகளை மறைத்துவிட்டு, இல்லாததை மட்டும் கேட்கும். உரிம இலக்கத்தை எழுதாமல் விட்டேன். ஒரு கணினிக்கு ஒரே ஒரு கேள்வி. பதினான்கையும் வரிசையாக ஓடவிட்டு, வகுப்பைச் சுற்றி நடந்து, ஸ்டிக்கரைப் பார்த்துத் தட்டிக்கொண்டே போகலாம். இலக்கம் சிடியில் வெறும் எழுத்தாகக் கிடக்கும் ஆபத்தும் இல்லை.

இனி என் கைப்பிழை ஒன்று. விடைக்கோப்பில் ரீபார்ட்டிஷன் என்று ஒரு வரி. அதற்கு யெஸ் என்று கொடுத்தால் முதல் டிஸ்கில் உள்ள எல்லாப் பிரிவுகளையும் கேட்காமல் கொள்ளாமல் அழித்து, முழுவதையும் ஒரே பிரிவாக்கிவிடும். வகுப்புக் கணினிகளுக்கு அது வசதி. அந்தச் சிடியை ஒருநாள் பையில் வைத்துக்கொண்டு ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். அங்கே சி டிரைவை மட்டும் துடைத்துவிட்டு எக்ஸ்பி அடிக்க வேண்டும். டி டிரைவில் மூன்று கலியாணத்தின் படங்கள். பையில் இருந்த இரண்டு சிடியும் ஒரே வெள்ளை. பிறகு நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. மீட்பு மென்பொருளோடு இரண்டு இரவு இருந்து பெரும்பகுதியை எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் சிடியில் சிவப்பு மார்க்கரால் "எல்லாம் அழியும்" என்று எழுதியிருக்கிறது. வெளி வேலைக்கு அந்த வரி இல்லாத, எந்தப் பிரிவு என்று கேட்கும் இன்னொரு சிடி.

இன்னொரு சின்ன விஷயம். சிடியில் இருந்து எழும்பும்போது "ஏதாவது ஒரு விசையை அழுத்து" என்று கேட்குமே, அதையும் கேட்காமல் செய்தால் இன்னும் வசதி என்று பூட்ஃபிக்ஸ் என்ற கோப்பை அழிப்பவர்கள் உண்டு. அழிக்காதீர்கள். முதல் கட்டம் முடிந்து கணினி திரும்ப எழும்பும்போது, யாரும் விசையை அழுத்தாததால்தான் அது டிஸ்குக்குப் போய் வேலையைத் தொடர்கிறது. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் மறுபடி சிடியில் ஏறி, மறுபடி முதலில் இருந்து அடிக்கும். விடிய விடிய அடித்துக்கொண்டே இருக்கும். டிஸ்க் வெறுமையாக இருந்தால் கோப்பு இருந்தாலும் கேட்காமலே சிடியில் ஏறிவிடும், ஆகவே முதல் முறைக்கும் குறை இல்லை.

டிரைவர்கள்தான் விடைக்கோப்பின் சிரமமான பக்கம். எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபரில். அதற்குப் பிறகு வந்த சாட்டா டிஸ்குகளோடு பேசும் ஏஹெச்சிஐ முறை அதற்குத் தெரியாது. தெரியாத கணினியில் அடித்தால் 7பி என்று முடியும் இலக்கத்தோடு நீலத்திரை. அந்தக் காலத்தில் எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியில் டிரைவர் கொடுப்போம். இப்போது ஃபிளாப்பிக்கு எங்கே போவது? இரண்டு வழி: என்லைட்டில் அந்த டிரைவரைச் சிடிக்குள்ளேயே கலப்பது, அல்லது கணினி எழும்பும்போது முதலில் ஓடும் பயோஸில், பழைய ஐடிஇ முறைக்கு மாற்றிவிடுவது. இரண்டாவது சுலபம் என்று ஆறு கணினியில் அதைச் செய்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் சேர் அழைத்தார், இரண்டு கணினி நீலத்திரை காட்டுகிறது என்று. முதல்நாள் இரவு கரண்ட் போயிருந்தது. மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி செத்துப்போயிருந்ததால் பயோஸ் தன் பழைய அமைப்புக்குத் திரும்பி, டிஸ்க் ஏஹெச்சிஐக்குப் போய்விட்டது. எக்ஸ்பியில் ஒரு குறையும் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் வேலை செய்து பழகிய ஊரில் இது எனக்கு முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். இப்போது டிரைவரைச் சிடிக்குள் கலப்பதுதான், பயோஸை நம்புவதில்லை. சிஆர் 2032 பேட்டரி நாலைந்து எப்போதும் பையில் இருக்கும்.

மென்பொருள்களையும் கேள்வி கேட்காமல் ஏற்றலாம். முதல்முறை உள்நுழையும்போது ஓட வேண்டிய கட்டளைகளை எழுத விடைக்கோப்பில் இடம் இருக்கிறது. எக்ஸ்பிக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்புகளைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்: லிப்ரே ஆஃபிஸ் என்றால் 5.4, பயர்பாக்ஸ் என்றால் 52 இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. புதியது ஏறாது.

இமேஜ்

இமேஜ் வழி கேட்பதற்கு மிகச் சுலபம். ஒரு கணினியில் எல்லாம் அடித்து, ஆஃபிஸ், பாமினி, பிரிண்டர் எல்லாம் போட்டு, அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களைத் துடைக்கும் சிஸ்பிரெப்பை ஓட்டி மூடி, குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளால் இமேஜ் எடுத்து, மற்றவற்றில் இறக்குவது. சிஸ்பிரெப்பும் அதே டிப்ளாய் கோப்புக்குள்தான் இருக்கிறது. அதற்கும் சிஸ்பிரெப்.ஐஎன்எஃப் என்று ஒரு சின்ன விடைக்கோப்பு உண்டு. இறக்கிய கணினி முதல்முறை எழும்பும்போது கேட்கும் குட்டிக் கேள்விகளுக்கு அது பதில் சொல்லும். குளோன்சில்லா டிஸ்கில் எழுதப்பட்ட இடத்தை மட்டுமே எடுப்பதால் 80 ஜிபி டிஸ்கின் இமேஜ் சில ஜிபியில் அடங்கிவிடும். ஒரு கணினிக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. விடைக்கோப்பு வழியில் எல்லாம் ஏறி முடிய ஒன்றரை மணி நேரம் எடுத்த அதே பெட்டிக்கு.

அந்த ஒன்பதுக்கும் இதைத்தான் செய்தேன். எட்டு கணினியில் இமேஜ் மழைபோல இறங்கியது. ஒன்பதாவது மறுத்துவிட்டது. அதன் டிஸ்கிலும் 80 ஜிபி என்றுதான் எழுதியிருந்தது, ஆனால் வேறு கம்பனி. கொள்ளளவு ஒரு மயிரிழை குறைவு. இமேஜ் எடுத்த டிஸ்கைவிடச் சிறிய டிஸ்கில் குளோன்சில்லா இறக்காது. அப்போதுதான் புத்தி வந்தது: இமேஜ் எடுக்கும் கணினியில் இருப்பதிலேயே சிறிய டிஸ்கைப் போட்டு அடிக்க வேண்டும்.

அந்த இமேஜை மற்ற ஐந்திலும் போட்டுப் பார்க்கலாமே என்று ஆசை வந்தது. எக்ஸ்பிக்கு அந்த ஆசை கூடாது. எக்ஸ்பி எந்த மதர்போர்டில் அடிக்கப்பட்டதோ அதன் வன்பொருள் அடுக்கைப் பிடித்துக்கொண்டு இருக்கும். ஏசிபிஐ என்ற மின்சார மேலாண்மை முறை உள்ள கணினியில் எடுத்ததை, அது இல்லாத பழைய ஸ்டாண்டர்ட் பிசியில் இறக்கினால் எழும்பாது. டிஸ்க் கட்டுப்படுத்தி வேறென்றால் திரும்ப அதே 7பி. இன்டெலில் எடுத்ததை ஏஎம்டியில் போட்டால் புராசசர் டிரைவர் தகராறு செய்யும். எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது, ஒவ்வொன்றாகக் கொடுத்துக் குணப்படுத்தலாம். ஆனால் மருந்து கொடுக்கும் நேரத்தில் அந்த ஐந்துக்கும் விடைக்கோப்புச் சிடியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்திருக்கலாம். கடைசியில் அதைத்தான் செய்தேன்.

சிஸ்பிரெப் ஓட்டாமல் நேரே நகலெடுத்தால் எல்லாக் கணினிக்கும் ஒரே அடையாள இலக்கம் வந்துவிடும், பெரிய ஆபத்து என்று பயப்படுத்துவார்கள். அந்த இலக்கத்தை மாற்றித் தரும் நியூசிட் என்ற கருவியை எழுதிய மார்க் ருசினோவிச்சே 2009 இல், இந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி அதை நிறுத்திவிட்டார். ஆனாலும் சிஸ்பிரெப் ஓட்டுங்கள். மைக்ரோசாஃப்ட் ஏற்கும் வழி அது ஒன்றுதான். அதோடு, ஒரே பெயரில் இரண்டு கணினி ஒரு வலையில் இருந்தால் வரும் சண்டையும் வராது.

இமேஜின் உண்மையான குறை வேகத்தில் இல்லை, வயதில். வகுப்பில் வருடம் ஒன்று போவதற்குள் அந்த ஒன்பதில் இரண்டுக்கு மதர்போர்டு மாற்றினேன். கல்லடியில் கடல் ஒரு பக்கம், வாவி மறுபக்கம். உப்புக்காற்றில் கணினியின் இரும்பு எல்லாம் துருவேறும், மதர்போர்டும் தப்பாது. மாற்றியது வேறு மாதிரி. ஒன்பது என்று தொடங்கியது ஏழானது. பிரிண்டர் மாறினால் இமேஜை முதலில் இருந்து திரும்ப எடுக்க வேண்டும். விடைக்கோப்பில் ஒரு வரியைத் திருத்திச் சிடியை எரித்தால் போதும்.

விண்டோஸ் 7 இல் கதை தலைகீழ்

இதே வேலையை 2 ஜிபி நினைவகம் உள்ள கணினிகளில் விண்டோஸ் 7 க்குச் செய்தால் என் தீர்ப்பு மாறும். விஸ்டாவில் இருந்து வன்பொருள் அடுக்கை விண்டோஸ் எழும்பும்போதே கண்டுபிடித்துக்கொள்கிறது. சிஸ்பிரெப்பில் ஜெனரலைஸ் கொடுத்து எடுத்த ஒரு இமேஜ், வேறு வேறு மதர்போர்டுகளில் பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் எழும்பும். ஆகவே ஐந்து விதமான கணினி இருந்தாலும் இமேஜ் வழிதான் லாபம்.

விடைக்கோப்பு அங்கேயும் உண்டு. ஆட்டோஅன்அட்டெண்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு. பென் டிரைவின் வெளி மட்டத்தில் வைத்தால் தானே கண்டுபிடித்துப் படிக்கும். ஆனால் எக்ஸ்பியின் ஐம்பது வரி மாதிரி நோட்பேடில் எழுத முடியாது. ஏழு கட்டம், ஒவ்வொன்றிலும் நீளமான பெயருள்ள உறுப்புகள். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஏஐகே கருவித்தொகுதியை இறக்கி, சிஸ்டம் இமேஜ் மேனேஜரில்தான் எழுத வேண்டும். அதிலும் வில்வைப்டிஸ்க் என்று ஒரு வரி இருக்கிறது. எக்ஸ்பியின் ரீபார்ட்டிஷனுக்கு அண்ணன். சிவப்பு மார்க்கரை எடுத்து வையுங்கள். நேர வலயம் இதில் இலக்கமல்ல, பெயர். இலங்கை நேரம் என்று கொடுத்தால் சரியாக ஐந்தரை காட்டும். புதிய கணினியில் 7 அடிக்கப் போனால் யூஎஸ்பி 3 டிரைவர் அதில் இல்லை. பென் டிரைவில் எழும்பிய பிறகு மவுஸும் கீபோர்டும் செத்ததுபோல நிற்கும். டிரைவரை முதலிலேயே கலந்துகொள்ள வேண்டும். அதற்கும் 2020 ஜனவரி 14 உடன் ஆதரவு முடிந்துவிட்டது என்பதைச் சேரிடமும் சொல்லித்தான் வைத்தேன்.

வலையமைப்பு வழியாக அடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எக்ஸ்பி காலத்து ஆர்ஐஎஸ் சேவைக்கு விண்டோஸ் சேர்வர், ஆக்டிவ் டிரெக்டரி, டிஎச்சிபி, டிஎன்எஸ் எல்லாம் வேண்டும். பதினான்கு கணினிக்காக அந்தப் பந்தலைப் போடுவது, இரண்டு பேர் சாப்பிடக் கலியாண மண்டபம் பிடிப்பது போல. நூறு கணினி உள்ள நிறுவனம் என்றால் வேறு பேச்சு. டொஸ் ஃபிளாப்பியில் எழும்பி வலையில் இருந்து எக்ஸ்பியை இழுக்கும் பழைய வழியும் உண்டு. அதற்கு மட்டும் ஒரு வார்த்தை: டிஸ்க் வேலையை வேகமாக்கும் ஸ்மார்ட்டிரைவை ஓட்டாமல் தொடங்கினால் கோப்பு நகலெடுக்கவே மணிக்கணக்காகும்.

ஒரே ஒரு கணினி என்றால்

சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி மில். நெல் லொறியை மேடையில் ஏற்றினால் பக்கத்து அறையில் உள்ள கணினியில் நிறை விழும், துண்டு அச்சாகும். கணினியில் எக்ஸ்பி. நிறை வருவது பழைய சீரியல் வாயில் வழியாக. அந்த மென்பொருளை எழுதியவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதன் சிடி இல்லை, கோப்பு மட்டும் இருக்கிறது. பெரும்போக அறுவடையில் வாசலில் லொறிகள் நிற்கும்போது அந்தக் கணினி விழுந்தால் மில் முதலாளி ஹாஜியாரின் குரல் கல்முனை வரைக்கும் கேட்கும்.

இதற்கு விடைக்கோப்பு பிரயோசனம் இல்லை. எக்ஸ்பி ஏறும், மென்பொருள் ஏறாது. சிஸ்பிரெப்பும் வேண்டாம், அது அமைப்புகளைத் துடைக்கும், அந்த மென்பொருள் எதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது. இங்கே சரி, ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கை அப்படியே இன்னொரு டிஸ்குக்கு நகலெடுத்து வைப்பது. சிஸ்பிரெப் இல்லை, மாற்றம் இல்லை, ஒரே மதர்போர்டு. அதே மாதிரி மதர்போர்டு ஒன்றையும் பழைய கடையில் வாங்கி வைத்துவிட்டால் நிம்மதி. தானியங்கி என்று சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் மூன்று வழியிலும் மிகக் குறைவான கேள்வி கேட்பது இதுதான்.

கல்முனையில் ஓர் அச்சகத்துக்கு வேறு தீர்வு சொன்னேன். அவர்களுக்கு வேண்டியது பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 உம் பாமினியில் செய்த பழைய கோப்புகளும் மட்டும். எந்த இயந்திரத்தோடும் நேரடித் தொடர்பு இல்லை. புதிய கணினியில், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் எக்ஸ்பி. ஒருமுறை விடைக்கோப்புச் சிடியால் அடித்து, வேலை முடிந்ததும் அந்த நிலையை அப்படியே பிடித்து வைக்கும் ஒரு ஸ்னாப்ஷாட். குழம்பினால் ஒரு கிளிக்கில் பழைய நிலைக்கு. கணினி மாறினாலும் அந்த எக்ஸ்பி இருக்கும் ஃபோல்டரை நகலெடுத்தால் போதும்; உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்கு வெளியே மதர்போர்டு மாறியதே தெரியாது. நினைவகம் 4 ஜிபியாவது இருந்தால் இதைவிடச் சுகமான வழி இல்லை. மில்லுக்கும் இதையே செய்யலாமா என்று யோசித்தேன். விர்ச்சுவல்பாக்ஸால் வெளிக் கணினியின் சீரியல் வாயிலை உள்ளே கொடுக்க முடியும். ஆனால் புதிய கணினிகளில் அந்த வாயிலே இல்லை. யூஎஸ்பி மாற்றி ஒன்றைச் செருகிப் பார்த்ததில் நிறை சிலவேளை வந்தது, சிலவேளை வரவில்லை. சிலவேளை வரும் நிறையை வைத்து நெல் வாங்க முடியாது.

கல்லடிக் கணக்கு இப்படி முடிந்தது. அந்த வார இறுதியில் ஒன்பதில் எட்டுக்கு இமேஜ், மீதி ஆறுக்கு விடைக்கோப்பு. இனி ஒருமுறை அழைத்தால் பதினான்குக்கும் விடைக்கோப்புத்தான் போடுவேன். நேரம் கூட எடுக்கும், ஆனால் அது கணினியின் நேரம். சிடி ஒன்றைச் சேரிடமே கொடுத்துவிட்டேன், மேசை லாச்சிக்குள் இருக்கிறது. போன மாதம் ஒரு டிஸ்க் செத்தபோது என்னைக் கூப்பிடாமல், ஏஎல் படிக்கும் ஒரு பிள்ளையை வைத்து அடித்திருக்கிறார். ஸ்டிக்கரில் எட்டா பீயா என்று தெரியாமல் உரிம இலக்கத்தை மூன்றுமுறை தட்டினார்களாம்.

மில்லுக்கு எடுத்த நகல் டிஸ்க் பொலித்தீன் பையில் சுற்றி, காசாளர் அலுமாரியில் இருக்கிறது. மாசி மாத அறுவடையில் ஒருநாள் காலை ஹாஜியார் அழைத்தார். "தம்பி, அது எழும்புதில்ல." மட்டக்களப்பில் இருந்து நான் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். கணினியின் பக்கத்தகட்டைக் கழற்றி, பழைய டிஸ்கின் இரண்டு வயரையும் இழுத்து, புதியதில் மாட்டச் சொன்னேன். மாட்டியது அவருடைய லொறிக்காரப் பையன். கைபேசியை அவர் திரைக்கு நேரே பிடித்துக்கொண்டிருக்க, எக்ஸ்பியின் நீலக் கோடு மூன்று தரம் ஓடியது. பின்னால் யாரோ முதல் லொறியை மேடையில் ஏற்றச் சொல்லிக் கத்துவது கேட்டது.